தவிடு கொடுத்தவள்

கும்பாபிஷேக மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று என் வீடு தேடி வந்தீர்கள். நம் தெருவில் ஒன்றாக மூக்கு ஒழுகத் திரிந்தவர்கள்தான் எல்லோரும். இப்போது தலை நரைத்து, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. காபியைக் குடித்துவிட்டு உங்களில் ஒருவர் சொன்னார்: "நம்ம பெரியவங்கல்லாம் மரத்த சாமியா பாத்தவங்கமா. ஒனக்குத்தான் அந்த நாவா மரத்தோட ஒறவு. நீ எழுதுனா நல்லா இருக்கும்." வீட்டுக்கு வந்தவர்களிடம் முகத்தைக் காட்டக் கூடாது என்று அப்போது வாயை மூடிக்கொண்டிருந்தேன். இப்போது எழுதுகிறேன். இனிப்பாக இருக்காது. போட்டால் முழுசாகப் போடுங்கள், இல்லாவிட்டால் கிழித்துக் குப்பையில் போடுங்கள்.

உங்கள் பேரப்பிள்ளைகளுக்குத் தெரியாது என்பதால் முதலிலிருந்து சொல்கிறேன். பிள்ளையார்பாளையத்தில் நம் தெருவின் வடகோடியில், அம்மன் கோயிலை ஒட்டி நின்றது அந்த மரம். கோயில் என்றால் இன்று நீங்கள் கட்டியிருக்கும் வழுவழு கல் வைத்த கோயில் இல்லை. ஓர் ஆள் குனிந்து நுழையலாம், அவ்வளவுதான். மரம்தான் பெரியது. அதன் நிழல் காலையில் எங்கள் வீட்டு வாசலில் தொடங்கித் தெருவின் பாதி வரை விழும். அந்த நிழலில்தான் தெருவே பாவு நீட்டியது. பாவு என்பது சேலையின் நீளவாட்டு நூல். தறியில் ஏற்றுவதற்கு முன்னால் விடிகாலையில் அதைத் தெருவில் நீட்டி, மூங்கில் கால்களில் தாங்கி, கஞ்சித் தண்ணீர் தெளித்து, ஒட்டிக்கொண்ட இழைகளைப் பிரித்து, அறுந்ததை முடிவார்கள். வெயில் ஏறினால் இழை முறுகி அறும். நிழல் இருந்ததால் நம் தெருவுக்கு அந்த அவசரம் இல்லை. பக்கத்துத் தெருக்காரர்கள்கூட வந்து இடம் கேட்பார்கள்.

எனக்கும் அந்த மரத்துக்கும் என்ன உறவு என்று உங்களுக்குத் தெரியும். எனக்கு முன்னால் பிறந்த குழந்தைகள் தங்கவில்லை. நான் பிறந்ததும் பூசாரி சொன்னபடி என்னைக் கொண்டுபோய் மரத்தடியில் கிடத்தி, இது உன் பிள்ளை என்று மரத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். பிறகு ஒரு முறம் தவிட்டை அதன் வேரில் கொட்டி என்னைத் திரும்ப வாங்கி வந்தார்கள். எமன் எங்கள் வீட்டுப் பிள்ளையைத் தேடி வந்தால் ஏமாந்து போவான் என்பது கணக்கு. பெற்றவர்கள் வளர்ப்பவர்களாக ஆகிவிடுவார்கள், மரம்தான் தாய். நம் ஊரில் நடந்ததுதான், நான் ஒன்றும் அதிசயம் இல்லை. ஆனால் மற்றவர்களை அத்தைக்கோ அம்மன் சன்னதிக்கோ கொடுப்பார்கள். என்னை மட்டும் மரத்துக்குக் கொடுத்தார்கள்.

நீங்கள் என்னைத் "தவுட்டுப் பொண்ணு" என்று கூப்பிட்டீர்கள். பம்பரத்தில் நான் ஜெயித்தால், "போடி, போயி ஒங்கம்மா மேல ஏறிக் குந்து" என்றீர்கள். நான் அழவில்லை. நிஜமாகவே போய் உட்கார்ந்துகொண்டேன். வேர் இரண்டு பக்கமும் எழும்பி நடுவில் ஒரு குழி இருக்கும், என் முதுகுக்கு அளவெடுத்த மாதிரி. அங்கே நான் சாமி கும்பிட்டதில்லை. என்ன கேட்க வேண்டும் என்றே தோன்றியதில்லை. பட்டை முதுகில் சொரசொரவென்று குத்தும். இலையைக் கசக்கினால் மாங்காய் போல ஒரு வாசனை வரும். கட்டெறும்புகள் வேரில் வரிசையாக வந்து, என் கால்மேல் ஏறி, மறுபக்கம் இறங்கிப் போகும். என்னைச் சுற்றிக்கொண்டு போனதே இல்லை, கடித்ததும் இல்லை. வேருக்கும் என் காலுக்கும் அவற்றுக்கு வித்தியாசம் தெரியவில்லை. அப்புறம் எத்தனையோ கோயிலுக்குப் போய்விட்டேன், வரிசையில் நின்று இடிபட்டு, "நகருமா நகருமா" என்று விரட்டப்பட்டு. நீ இங்கே உள்ளவள்தான் என்று அந்த எறும்புகள் சொன்ன மாதிரி எந்தச் சன்னதியிலும் யாரும் எனக்குச் சொன்னதில்லை.

இதில் ஒருத்தி மட்டும் வெந்துகொண்டிருந்தாள். அது எனக்கு அப்போது தெரியாது.

அம்மா என்னை அடித்தால் நான் மரத்தடிக்கு ஓடுவேன். பக்கத்து வீட்டுக்காரி சிரித்துக்கொண்டே, "பாரு, பெத்தவளாண்ட புகார் சொல்லப் போவுது" என்பாள். எனக்குக் காய்ச்சல் வந்தால் அம்மா கண் விழித்துக் கிடப்பாள். ஈரத்துணி போடுவாள், மிளகுக் கஷாயம் வைப்பாள். காய்ச்சல் விட்டதும் தெருவே பொங்கல் வைக்கும், மரத்துக்கு. ஆடி பிறந்தால் எனக்கு எடுத்த பாவாடையை முதலில் மரத்தைச் சுற்றிக் கட்டி, பிறகுதான் எனக்கு உடுத்துவார்கள். ஒருநாள் தலை வாரும்போது சிக்கு வலித்து, "நீயா என்னப் பெத்த, மரம்தானே பெத்துது" என்று கத்தினேன். அம்மாவின் கை நின்றது. "அப்ப அதாண்டயே போயி சீவிக்கோ" என்று சீப்பைத் தூக்கி எறிந்தாள். எனக்கு ஏழு வயது. எனக்கு என்ன சொல்லிக் கொடுத்தார்களோ அதைத்தான் சொன்னேன். அதற்கு நான் இன்றைக்கு மன்னிப்புக் கேட்கப் போவதில்லை.

அந்த வருஷம்தான் வெளிர் நிறம் வந்தது. அதுவரை நம் தெருவில் அரக்கு, மயில்கழுத்து, கரும்பச்சை, அப்பப்போ ஒரு மஞ்சள். நாவல் மரத்துக்கும் இந்த நிறங்களுக்கும் பகை இல்லை. பழக்காலத்தில் மைனாவும் குயிலும் மேலே தின்று கீழே போடும், ராத்திரியெல்லாம் வௌவால் துப்பும். அரக்குப் பாவில் விழுந்தால் ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் போவார்கள். திடீரென்று ஏதோ சினிமாவில் ஏதோ நடிகை சந்தன நிறத்தில் கட்டிக்கொண்டு வந்தாளாம். பெரிய காஞ்சிபுரத்துக் கடைகளில் எல்லாம் சந்தனம் கேட்டார்கள், பால்வெள்ளை கேட்டார்கள். ஆனி மாதம் பெரியப்பா ஒரு பால்வெள்ளைப் பாவை மரத்தடியில் நீட்டினார். அப்பாவின் அண்ணன், தெருவுக்கு நாட்டாமை, வாரா வாரம் வெள்ளிக்கிழமை அந்த மரத்துக்கு மஞ்சள் பூசி விழுந்து கும்பிடுகிறவர். அவர் கும்பிட்டு எழுந்து திரும்புவதற்குள் பாவின் மேல் ஊதா மழை.

நாவல் கறை போகாது. சோப்பு போட்டார்கள், எலுமிச்சை தேய்த்தார்கள், புளித்த மோர் தெளித்தார்கள். கறை பரவியதுதான் மிச்சம். கடைக்காரர் அந்தப் பாவைத் திருப்பிவிட்டார். அப்போதும் பாவைத் தெற்குக் கோடிக்கு நகர்த்தலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அங்கே வெயில். நிழலும் வேண்டும், நிழலைக் கொடுக்கிற மரம் பழுக்கவும் கூடாது. உங்கள் முன்னோர்களின் பக்தி இதுதான்.

எங்கள் கூடத்தில், தறிக்குப் பக்கத்தில் அப்பாவும் பெரியப்பாவும் பூசாரியும் உட்கார்ந்து பேசினார்கள். நான் நாடாவுக்குள் வைக்கிற நூலைத் தாராகச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

"நான் ஒண்ணும் மரத்துக்கு விரோதி இல்லபா," என்றார் பெரியப்பா. "வெளிர் கலரு தான் இனிமே ஓடும்ன்றான் கடக்காரன். இந்த மரம் இருக்கற வரிக்கும் நம்ம தெருவுல ஒரு பாவு தேறாது."

"கொயந்தய அதுக்குக் குடுத்துருக்கோமேண்ணா," என்றார் அப்பா. "மரத்த வெட்டிப்புட்டு இவளுக்கு ஏதாவது ஒண்ணு ஆயிட்டா?"

"வெட்டணும்னு நான் சொன்னேனா? அம்மனக் கேப்போம். வேணான்னு அவ சொல்லிட்டா வெயில்லயே நீட்டிக்கினு போறோம். பூக்கட்டிப் பாத்துடலாம்." பிறகு என் பக்கம் திரும்பினார். "மரத்துப் பொண்ணே எடுக்கட்டும். அப்பறம் ஒருத்தனும் வாயத் தொறக்க மாட்டான்."

அம்மா சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். "பூவ நான் கட்டித் தரேன்," என்றாள்.

பெரியப்பாவுக்கு அது திருப்தி. பெற்றவளே பொட்டலம் கட்டினால் அதில் சூது இருக்குமா? மரத்தை வெட்டக் கூடாது என்பதில் அவளைவிட யாருக்கு அக்கறை இருக்கும்? மூன்று ஆண்கள், அப்பா, பெரியப்பா, பூசாரி, மூவரும் அப்படித்தான் நினைத்தார்கள். ஏழு வருஷமாக அவள் முகத்தை ஒருவரும் பார்க்கவில்லை என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டியதில்லை.

பூக்கட்டிப் பார்ப்பது எப்படி என்று உங்களுக்குத் தெரியும், ஆனாலும் எழுதிவிடுகிறேன். ஒரு வாழையிலைப் பொட்டலத்தில் வெள்ளை நந்தியாவட்டை, இன்னொன்றில் சிவப்பு அரளி. வெள்ளை வந்தால் உத்தரவு, சிவப்பு வந்தால் வேண்டாம். இரண்டையும் அம்மன் காலடியில் போட்டுக் குலுக்குவார்கள். குழந்தை ஒன்றை எடுக்கும். எடுத்ததை எல்லோர் முன்னாலும் பிரிப்பார்கள். எடுக்காததை யாரும் பிரிப்பதில்லை. அம்மன் ஒதுக்கியதை நோண்டிப் பார்ப்பது அவளைச் சந்தேகப்படுவது என்பது நம் தெருவின் வழக்கம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தெருவே கூடியிருந்தது. என்னைக் குளிப்பாட்டி, ஈரத் தலையோடு நிறுத்தினார்கள். நீங்களும் இருந்தீர்கள், முன்வரிசையில், பொங்கலுக்காக. கற்பூரப் புகையில் கண் எரிந்தது. நான் மனசுக்குள் சிவப்பு சிவப்பு என்று சொல்லிக்கொண்டே கையை நீட்டினேன். அந்த அம்மனை வேண்டிக்கொண்டது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். பூசாரி பிரித்தார். வெள்ளை. பெண்கள் குலவை போட்டார்கள். பெரியப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தாயே, ஒன் இஷ்டம்" என்றார். அந்தக் கண்ணீர் பொய் என்று நான் சொல்லவில்லை. அவர் நிஜமாகவே அழுதார். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

அம்மனே கைவிட்டுவிட்டாள், அதுவும் என் கையாலேயே. மறுநாள் விடிந்ததும் மரத்தடிக்குப் போனேன். கோயிலில் வாடின பூவையெல்லாம் பூசாரி வேருக்குப் பக்கத்தில்தான் கொட்டுவார். நான் உட்காரும் குழியிலேயே கொட்டியிருந்தார். அந்தக் குவியலில் மற்ற பொட்டலம் கிடந்தது. பச்சைப் பட்டு நூலால் கட்டியது, அறுந்த இழையை முடிகிற சின்ன முடிச்சு, அம்மா போடுகிறது. வழக்கமாவது ஒன்றாவது. ஏழு வயதில் எனக்கு இருந்த துணிச்சல் அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் இருக்கவில்லை. பிரித்தேன்.

அதிலும் வெள்ளைதான். நந்தியாவட்டை, ஓரம் பழுத்துப் போய்.

எனக்கு என்ன தோன்றியிருக்கும் என்று நினைக்கிறீர்கள்? சந்தோஷம். அம்மன் சொல்லவே இல்லை. யாரோ ஏமாற்றியிருக்கிறார்கள், பெரியப்பாவாகத்தான் இருக்கும், பொட்டலத்துக்குள் பூவை மாற்றி வைத்திருப்பார். இதைக் காட்டினால் மரம் பிழைத்துவிடும். வேறு யாரிடமும் கொடுக்கப் பயந்து, நேரே அம்மாவிடம் ஓடினேன். அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது.

"அம்மா, ரெண்டுலயும் வெள்ளப் பூவு. பெரிப்பா ஏமாத்திட்டாரு."

அம்மா பொட்டலத்தை வாங்கினாள். பிறகு இலை, பூ, நூல் எல்லாவற்றையும் அடுப்பில் போட்டாள். பட்டு நூல் எரிந்தால் மயிர் கருகுகிற நாற்றம் வரும். அந்த நாற்றம் சமையலறை முழுவதும் வந்தது.

"பெரிப்பா ஒண்ணும் பண்ணல," என்றாள். "நான்தான் கட்டுனேன்."

எனக்குப் புரியவில்லை. அவள் என் தோளைப் பிடித்துக் கீழே உட்கார வைத்தாள்.

"நீ பொறந்த அன்னிக்கி ஒன் மொகத்தக்கூட நான் சரியாப் பாக்கல. எடுத்துக்கினு போயி அது காலாண்ட வெச்சிட்டாங்க. அன்னிலேர்ந்து நீ அது பொண்ணு. பாலு குடுத்தது நானு, பீ மூத்திரம் அள்ளுனது நானு. ஜுரத்துல நீ கெடந்தா முழிச்சிக்கினு இருக்கறவ நானு. பொங்கல் மட்டும் அதுக்கு. நீயும் அதாண்டதான் ஓடற. போதும்டி. இனிமே நீ எனக்குத்தான்."

நான் அவளை உதறிவிட்டுத் தறிக்கு ஓடினேன். அப்பா தறிக் குழியில் கால் வைத்து நெய்துகொண்டிருந்தார். சொன்னேன். எரித்ததையும் சொன்னேன். அப்பா சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது, அது எனக்கும் தெரிந்தது. அவர் எழுந்திருக்கவில்லை. "பாவு மேல கை வெக்காத. போ, போயி வெளாடு," என்றார். நாடா மறுபடியும் ஓடியது.

ஞாயிற்றுக்கிழமை வெட்டினார்கள். மரம் வெட்டுகிறவர்கள் வெளியூர்க்காரர்கள். தலைப்பாகையைக் கழற்றிவிட்டு, மரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பிறகு கோடரியைத் தூக்கினார்கள். நம் தெருவில் யாரும் அதைக்கூடச் செய்யவில்லை. அம்மன் உத்தரவு கொடுத்துவிட்டாளே, இனி எதற்கு? நீங்கள் என்ன செய்தீர்கள் என்று நான் மறக்கவில்லை. கிளை விழ விழ ஓடிப் போய்ப் பழம் பொறுக்கினீர்கள். சட்டையிலும் பாவாடையிலும் ரொப்பிக்கொண்டு, உப்பைத் தொட்டுக்கொண்டு, ஊதா நாக்கை நீட்டி ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டீர்கள். மைனாக் குஞ்சு ஒன்றை நூல் கூடையில் வைத்து சோறு ஊட்டினீர்கள், அது மறுநாளே செத்தது. மரத்தின் உள்ளே வெளிர் சிவப்பு. தெருவெல்லாம் பச்சைப் பட்டையின் துவர்ப்பு வாசனை, வாய்க்குள் வரைக்கும் வந்தது. குழியில் நான் உட்கார்ந்த இடத்தில் எறும்புகள் திசை தெரியாமல் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றின் நடுவில் காலை வைத்தேன். கடித்தன.

அன்று சாயங்காலம் அம்மா எனக்குத் தலைவாரி, கனகாம்பரம் வைத்து, திருஷ்டி கழித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அவளுக்கு ஒரு பெண் கிடைத்துவிட்டாள் என்று நினைத்தாள். அன்றிலிருந்து நான் அவளை அம்மா என்று கூப்பிடுவதை விட்டுவிட்டேன். "இந்தா", "கேக்குதா" என்றே காலத்தை ஓட்டினேன். கல்யாணமாகிப் போகிற அன்றும் அப்படித்தான்.

பிறகு ஒரு வருஷம் தெருவே நான் சாகிறேனா என்று பார்த்துக்கொண்டிருந்தது. தும்மினால் திரும்பிப் பார்ப்பார்கள். நான் சாகவில்லை. ‘அம்மன் காப்பாத்திட்டா’ என்று அவளுக்குப் புதுசாக ஒரு மஞ்சள் புடவை சாத்தினார்கள். அடுத்த பங்குனியில் வெயில் தெருவைப் பொசுக்கியது. சந்தனப் பாவு, பால்வெள்ளைப் பாவு, எல்லாம் கறையில்லாமல் நீட்டினார்கள், எல்லாம் இழை இழையாக அறுந்தது. பெரியப்பா மரம் நின்ற இடத்தில் ஓலைப் பந்தல் போட்டார். அதன் கீழே உட்கார்ந்து விசிறிக்கொண்டு, "அப்பல்லாம் இப்பிடியா இருந்துது வெயிலு," என்பார். அவரோடு பேசுவதை நான் எப்போதோ நிறுத்தியிருந்தேன்.

அந்த இடத்தில்தான் இப்போது நீங்கள் ஒரு நாவல் கன்று நடப்போகிறீர்கள். இரும்புக் கூண்டு தயாராக இருக்கிறது, ‘மரம் நம் தாய்’ என்று பேனர் அடித்தாகிவிட்டது. முதல் தண்ணீரை நான் ஊற்ற வேண்டுமாம். தாயை வெட்டினால் எப்படி இருக்கும் என்று பார்த்தவள் உங்களில் நான் ஒருத்திதான். கன்று பழுக்கிற வருஷத்தில் அதன் கீழே உங்கள் கார்கள் நிற்கும். வெள்ளைக் கார்கள். அப்போது உங்கள் பிள்ளைகள் யாரைக் கேட்டு, யார் கையால் பூ எடுக்க வைத்து அதை வெட்டுவார்கள் என்று எனக்கு இப்போதே தெரியும். நான் வர மாட்டேன்.

இன்னும் ஒன்று மட்டும் சொல்லிவிட்டு நிறுத்துகிறேன்.

அம்மா கடைசிக் காலத்தில் என்னிடம்தான் இருந்தாள். நினைவு தப்பிவிட்டது. யார் எதிரில் வந்தாலும் "நீ யார் வூட்டுப் பொண்ணுமா?" என்று கேட்பாள். ஒருநாள் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது என்னையும் கேட்டாள். இத்தனை வருஷம் அடக்கி வைத்திருந்தது. அவளுக்கு வலிக்க வேண்டும் என்றே சொன்னேன்.

"நான் யார் வூட்டுப் பொண்ணும் இல்ல. தவுட்டுக்கு வாங்குன பொண்ணு."

அவள் யோசித்தாள். கஞ்சி மோவாயில் வழிந்தது. "தவுடு யாரு குடுத்தா?" என்றாள்.

"நீதான் குடுத்த."

"நான் குடுத்தனா?" அவள் முகம் மலர்ந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்ப என் பொண்ணுதான். தவுடு குடுத்தவளுக்குத்தானே கொயந்த சொந்தம்."

வழக்கப்படி பார்த்தால் அவள் சொன்னது சரி. மரத்துக்குக் கொடுத்ததும் உண்மை, விலை கொடுத்துத் திரும்ப வாங்கியதும் உண்மை. இரண்டு பேருக்கும் நான் பெண்ணாக இருந்திருக்கலாம், இடமிருந்தது. அந்த வழக்கத்தை வைத்து அவளை ஏழு வருஷம் சுட்ட தெருவில், பூசாரியோ அப்பாவோ பெரியப்பாவோ, ஒருவராவது இதை அவளிடம் சொல்லியிருந்தால் போதும். அவள் அந்தப் பொட்டலத்தில் அரளியை வைத்துக் கட்டியிருப்பாள்.